தண்ணி பார்க்கப் போன சாயங்காலங்கள்

எங்கள் ஊரில் சூரியனைப் பார்க்கப் போகிறேன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படிச் சொல்லிவிட்டு ஒருத்தர் வீட்டை விட்டுக் கிளம்பினால் வேலைவெட்டி இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். "ஏரிக்குத் தண்ணி வந்திருக்குதாமா, ஒரெட்டுப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றால் மட்டும் மறுபேச்சு கிடையாது. வெள்ளாமை வைத்திருப்பவருக்குத் தண்ணீரைப் பார்ப்பதும் ஒரு வேலைதான். அந்தியூர் பெரிய ஏரிக் கரையில் சாயங்காலம் நின்ற அத்தனை பேரும் இந்தச் சாக்கில்தான் வந்தார்கள். வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடவில்லை. பொழுது விழுகிற வரைக்கும் நின்றார்கள்.

தாத்தாவின், எங்கள் பேச்சில் அப்பாருவின், சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து நானும் போவேன். கரைக்குப் போனதும் அவர் முதலில் பார்ப்பது மதகுச் சுவரைத்தான். எந்தக் கல் வரைக்கும் நனைந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். "நேத்து இந்தக் கல்லு வெளிய தெரிஞ்சுது. இன்னைக்கு முங்கிருச்சு பாரு" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று இருக்காது. பக்கத்தில் யார் நின்றாலும் சரிதான். அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறிக் கரையில் போடுவார், உட்காருவார். அதற்குப் பிறகு பேச்சே இருக்காது. மேற்கே மலைமேல் பொழுது இறங்கும். தண்ணீர் முதலில் வெளுக்கும், அப்புறம் மஞ்சளாகும், கடைசியில் செவக்கும். அழகாக இருக்கிறது என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. முழுசாக மறைந்ததும், "போலாமா கண்ணு" என்று எழுந்துகொள்வார். இருட்டுவதற்குள் கட்டுத்தாரைக்குப் போய் மாட்டுக்குத் தட்டு போட வேண்டும்.

ஒரு ஏரியின் தண்ணீர்மட்டம் ஊருக்கே சேதியாக இருந்தது ஏன் என்பது, காவிரி டெல்டாவிலோ தாமிரபரணிக் கரையிலோ பிறந்தவர்களுக்குச் சட்டென்று விளங்காது. எங்கள் ஈரோடு மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 700 மில்லிமீட்டர் மழைதான். தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, எங்களுக்கு வெறும் காற்றாக வந்து சேரும். ஆடி, ஆவணியில் வானம் முழுக்க மேகம் ஓடும். கீழே புழுதிதான் பறக்கும். சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழையும், ஐப்பசி, கார்த்திகை மழையும்தான் எங்களுக்கு வாய்த்தவை. அதுவும் ஊருக்குள் பெய்தால் போதாது, பர்கூர் மலையில் பெய்ய வேண்டும்.

மலையில் பெய்த மழை ஓடைகளில் இறங்கி, அடிவாரத்தில் இருக்கும் வரட்டுப்பள்ளம் அணைக்கு வரும். 33 அடிக்குச் சற்று மேல் உயரம் கொண்ட சின்ன அணை. அது நிரம்பி வழிந்தால் தண்ணீர் கெட்டிசமுத்திரம் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அந்தியூர் பெரிய ஏரிக்கு. அதற்கும் மிஞ்சினால் பிரம்மதேசம், வேம்பத்தி, ஆப்பக்கூடல் என்று ஏரி ஏரியாக இறங்கிக் கடைசியில் பவானி ஆற்றில் சேரும். ஆக, மலையில் ஒரு ராத்திரி மழை பிடித்தால் ஊருக்குள் பேச்சு வரிசையாகத்தான் வரும். "வரட்டுப்பள்ளம் ரொம்பிருச்சாமா" என்று டீக்கடையில் ஒருத்தர் ஆரம்பிப்பார். அடுத்து, "கெட்டிசமுத்திரத்துல வழியுதாமா" என்று பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் சொல்வார். அதைக் கேட்டதும் எங்கள் ஏரிக் கரையில் ஆள் கூட ஆரம்பிக்கும். காய்ந்து வெடித்துக் கிடந்த தரையில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக நகர்ந்து வருவதைப் பார்க்கப் பெண்களும் வருவார்கள். சில பேர் தொட்டுக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி வந்த தண்ணீரில் தெரிந்த சூரியன் என்பதால்தான் அதற்கு அத்தனை மவுசு. வருஷம் முழுக்கத் தண்ணீர் தளும்பும் ஊர்க்காரர்களுக்கு அது அன்றாடக் காட்சி. எங்களுக்கு நல்ல வருஷத்தில் மட்டும் வாய்ப்பது.

கரையில் பல வருஷம் உட்கார்ந்து பழகினால் பொழுது ஒரே இடத்தில் விழுவதில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். ஜூன் கடைசியில் அது நேர் மேற்கிலிருந்து வடக்கே 24 டிகிரி அளவுக்குத் தள்ளிப் பர்கூர் மலைப்பக்கம் இறங்கும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி, அத்தாணி, கோபிப் பக்கச் சமவெளியில் போய் விழும். கையை முன்னால் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அந்தக் கணக்கில் இரண்டு கோடிக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி தூரம். கிழக்கேயும் அப்படித்தான். ஆனியில் அம்மாபேட்டைப் பக்கம் கிளம்பும் பொழுது, மார்கழியில் சங்ககிரிப் பக்கம் வந்துவிடும். அப்பாருவுக்கு டிகிரி தெரியாது. "அந்தப் பாறைக்கு நேரா உழுந்தா ஆடி. பொழுது மலைய உட்டு எறங்கிருச்சுன்னா மொச்சைக்கொட்டை காய்க்கற காலம்" என்பார். பஞ்சாங்கம் பார்க்காமலேயே அவருக்கு மாசம் தெரியும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைப் பின்னாளில் புத்தகத்தில் படித்து உறுதி செய்துகொண்டேன். மார்கழியில்தான் சூரியன் ரொம்பத் தாமதமாக எழும் என்று எல்லாரும் நினைக்கிறோம். பகல் மிகவும் குறுகியது டிசம்பர் மூன்றாம் வாரத்தில்தான் என்பது சரி. ஆனால் எங்கள் பக்கம் மிகத் தாமதமான உதயம் பொங்கல் கழிந்து, ஜனவரி கடைசியில், 6 மணி 44 நிமிஷம் வாக்கில் வரும். சீக்கிரமே பொழுது விழுவதும் மார்கழியில் இல்லை; நவம்பரிலேயே, 5 மணி 52 நிமிஷ வாக்கில் விழுந்துவிடும். பூமியின் சுற்றுப்பாதை முழு வட்டமாக இல்லாததும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்கிற வேலை இது. "தை பொறந்தும் பொழுது கெளம்ப மாட்டேங்குது" என்று எங்கள் ஆத்தா வாசலில் சாணி தெளித்துக்கொண்டே சலித்துக்கொண்டது வானியல்படியும் சரிதான்.

காலைக் கூட்டம் வேறு, சாயங்காலக் கூட்டம் வேறு. காலையில் ஏரிப்பக்கம் வருகிறவர்கள் நின்று பார்க்க வருகிறவர்கள் அல்ல. கொடிக்காலுக்கு வெற்றிலை பறிக்கப் போகிறவர்கள், பால் கேனை சைக்கிளில் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்கு விரைகிறவர்கள், வலையை எடுக்க வந்த பரிசல்காரர்கள். விடியலில் காற்று அசையாது. தண்ணீர் அலையில்லாமல் கிடக்கும். கிழக்கே எழும் சூரியனுக்குத் தண்ணீருக்குள் இன்னொரு முழு வட்டம் இருக்கும். சாயங்காலம் அப்படி இல்லை. பகல் வெயிலில் கிளம்பிய காற்று தண்ணீரைச் சிலிர்க்க வைத்திருக்கும். ஒவ்வொரு சிற்றலையும் ஒரு துண்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எல்லாம் சேர்ந்து மலையடியிலிருந்து நம் காலடி வரைக்கும் ஒரு நீண்ட பட்டையாக நிற்கும். தை, மாசியில் அந்தப் பட்டையைப் பார்த்தால், வேகவைத்த மஞ்சளைக் களத்தில் கொட்டிப் பரப்பிவிட்ட மாதிரி இருக்கும்.

உச்சி வெயிலில் இதே ஏரி மண் நிறத்தில் சாதாரணமாகக் கிடக்கும். அதற்குக் காரணம் உண்டு. நேர் மேலிருந்து விழும் ஒளியில் 2 சதவீதம் அளவைத்தான் தண்ணீர் திருப்பித் தரும். மீதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒளி சாயச் சாயத் திருப்பித் தருவதும் கூடும். அடிவானத்தை ஒட்டி வரும் ஒளியில் பெரும்பகுதியை அப்படியே திருப்பிவிடும். போதாததற்கு அந்த நேரத்தில் சூரிய ஒளி உச்சிவேளையைப்போல் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும்தான் மிஞ்சும். சிவந்த ஒளியும், வாங்கியதைத் திருப்பித் தரும் தண்ணீரும் ஒரே நேரத்தில் சேர்ந்து அமைவது காலையிலும் மாலையிலும் மட்டும்தான்.

அது நீடிப்பதும் கொஞ்ச நேரம்தான். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 11½ டிகிரியில் இருக்கிறோம். சூரியன் சாய்ந்து நழுவாமல் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்கும். அதன் அடி விளிம்பு அடிவானைத் தொட்டதிலிருந்து தலை மறைய இரண்டு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதல். அப்புறம் இருபது நிமிஷச் சொச்சத்தில் விளக்குப் போட வேண்டிய இருட்டு வந்துவிடும். லண்டனில் ஜூன் மாதம் இந்த மங்கல் வெளிச்சம் முக்கால் மணி நேரம் தங்குமாம். எங்கள் ஆட்கள் பொழுது விழும்போது பேசுவதை நிறுத்திவிடுவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு நிமிஷக் காட்சியில் பேசினால் போய்விடும்.

ஆடி மாசம் ஏரியில் அநேகமாகத் தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் அந்த மாசத்துச் சாயங்காலங்களை மறக்க முடியாது. புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் பண்டிகை அப்போதுதான். சுவாமிகளை மகமேரு தேரிலும் பல்லக்கிலும் வைத்துத் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டு போவார்கள். அதையொட்டிக் கூடுவதுதான் பேர்பெற்ற குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை. திப்பு சுல்தான் படைக்கு இங்கேதான் குதிரை பிடித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கத்திக் குதிரைகள் லாரியில் வந்து இறங்கும். பர்கூர் மலையிலிருந்து செம்மறை மாடுகள் வரும். செவலை நிறத்தில் வெள்ளைத் திட்டுத் திட்டாக, உடம்பில் ஒரு பிடி சதை அதிகமில்லாத மலை மாடுகள்.

ஒரு சாயங்காலம் சந்தைக்கு வந்த ஒருத்தர் ஒரு வெள்ளைக் குதிரையை முட்டளவுத் தண்ணீரில் இறக்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தேங்காய் நாரால் கழுத்திலிருந்து முதுகுவரை தேய்த்தார். குதிரை முதலில் மிரண்டு காதைப் பின்னால் மடித்தது. அப்புறம் அதற்குப் பிடித்துப்போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மலைமேல் இருந்த மேகம் விலகிப் பொழுது எட்டிப் பார்த்தது. வெள்ளைக் குதிரை செங்குதிரை ஆனது. அதன் வயிற்றுக்கடியில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடியது. கரையில் நின்ற ஒரு பெரியவர், "இப்ப வெலை கேட்டா இருவதாயிரம் சேத்திச் சொல்லுவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் காட்சியில் கிறங்கிப் போயிருந்ததை ஒப்புக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

எங்கள் ஏரியில் ஆற அமர உட்கார்ந்து பார்க்கலாம். வரட்டுப்பள்ளத்தில் அப்படி முடியாது. அங்கே பொழுது மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். மலையின் நிழல் தண்ணீர்மேல் நீண்டு வந்த பிறகும் வானம் வெளுத்துத்தான் இருக்கும். அந்த நேரத்தில்தான் யானைகள் இறங்கி வரும். பர்கூர் மலைப்பாதையில் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே அணை முழுசாகத் தெரியும். "அங்க பாருங்க, கரையோரமா" என்று யாராவது கை நீட்டினால் பஸ்ஸே ஒரு பக்கம் சாயும். யானையைப் பார்த்தவர்கள் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தண்ணீரோரம் நாரையும் கொக்கும் நிற்பது தெரியும். நீர்க்காகம் பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் தண்ணீர் இருந்த வருஷங்களின் கதை. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது. வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது கரைக்குப் போனேன். ஏரிக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். வெள்ளாடுகள் கருவேலங்காய் பொறுக்கின. பொழுது வழக்கம்போல மலைமேல் இறங்கியது. சொல்லப்போனால் அன்றைக்கு வானம் தண்ணீர் இருந்த நாட்களைவிட நன்றாகவே செவந்திருந்தது, புழுதி அவ்வளவு. ஆனால் கரையில் பெரியவர்கள் ஒருத்தர்கூட இல்லை. பார்க்க ஒன்றுமில்லை என்று வீட்டில் இருந்துகொண்டார்கள். சூரியன் இருந்தது, மலை இருந்தது, நிறம் இருந்தது, சந்தோஷம் மட்டும் இல்லை. சின்ன வயசிலிருந்து நான் பொழுதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு தண்ணீருக்கு உரியது என்பது அன்றைக்குத் தெளிவானது. வயல் விளையும், கிணறு ஊறும், கடனை அடைக்கலாம் என்ற நிம்மதிதான் அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குள் கலந்திருந்தது.

பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனதில் பேர்போன இடங்களையும் பார்த்தாயிற்று. கன்னியாகுமரியில் கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்போது கூட்டம் கைதட்டுகிறது; சித்ரா பௌர்ணமியன்று மேற்கே பொழுது விழுவதையும் கிழக்கே நிலா கிளம்புவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். எங்களுக்குப் பக்கத்திலேயே பவானி கூடுதுறை இருக்கிறது. ஆடி அமாவாசை விடியலில் காவிரியும் பவானியும் கூடும் இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கிழக்கைப் பார்த்துக் கை கூப்புகிறவர்களின் முகத்தில் அந்த முதல் வெளிச்சம் படுவதைப் பார்க்க வேண்டும். இரண்டுமே பெரிய காட்சிகள்தான். ஆனால் கடல் வற்றாது. இந்த வருஷம் இருக்குமா என்ற கேள்வி அதனிடம் கிடையாது. ஏரியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி இல்லாத தண்ணீரில் ஏதோ ஒன்று குறைகிறது.

ஏரி நிரம்புவது எல்லாருக்கும் ஒரே மாதிரி சந்தோஷம் என்றும் சொல்லிவிட முடியாது. பெருமழை வருஷங்களில் உபரி நீர் தாழ்வான தெருக்களில் புகுந்துவிடும். பாத்திரம் பண்டத்தைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களிடம் போய் ஏரியின் அழகைப் பேச முடியாது. தண்ணீர் போகிற வழியில் வீடுகள் வந்துவிட்டன. வீடுகள் வந்த பிறகும் தண்ணீர் தன் வழியை மறக்கவில்லை.

இப்போது கரைக்கு வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போர்வெல் வந்த பிறகு மதகுச் சுவரில் கல்லை எண்ண வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. பல்ஸரில் வருகிற இளவட்டங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து, பொழுதைத் தங்கள் உள்ளங்கையில் நிற்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சூரியனைப் பார்க்க வந்தேன் என்று கூச்சமில்லாமல் சொல்ல ஒரு தலைமுறை வந்திருக்கிறது. அப்பாருவால் கடைசிவரை முடியாமல் போன காரியம் அது. போர்வெல்லில் வரும் தண்ணீரும் இந்த ஏரி நிரம்பி மண்ணுக்குள் இறங்கியதுதான் என்பதையும் அவர்கள் தெரிந்துகொண்டால் போதும். ஏரி நிரம்பிய வருஷம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மேலே மலையிலும் ஒரு மாற்றம். அந்தியூர், பர்கூர், தட்டக்கரை, சென்னம்பட்டி காடுகளைச் சேர்த்து, சுமார் 80,000 ஹெக்டேர் பரப்பைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் 18ஆவது சரணாலயம் அது. எங்கள் ஏரிகளுக்குத் தண்ணீர் அனுப்புகிற மலை அதுதான். மேய்ச்சலுக்கும் மாட்டுப்பட்டிகளுக்கும் என்ன ஆகும் என்று மலைக்காரர்களுக்குக் கவலை இருக்கிறது, அந்தக் கவலையில் நியாயமும் இருக்கிறது. காடு இருந்தால்தான் ஓடை ஓடும் என்பதும் அதே அளவு நியாயம்.

அந்தியூர்ப் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் எப்போது வரலாம் என்று கேட்பார்கள். மழை பிடித்த வருஷமாக இருந்தால் கார்த்திகை பிறந்ததும் வாருங்கள் என்பேன். வானத்தில் மேகத் துண்டுகள் மிஞ்சியிருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்கும். காலைக் காட்சி வேண்டுமென்றால் ஆறு மணிக்கெல்லாம் கரையில் இருங்கள், காற்று கிளம்பிவிட்டால் தண்ணீரில் வட்டம் கலைந்துவிடும். வரட்டுப்பள்ளத்தைப் பஸ்ஸிலிருந்தே பாருங்கள். இருட்டுகிற நேரத்தில் இறங்கி நடப்பது யானைக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. கரையில் பக்கத்தில் நிற்கிறவர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், தண்ணி பார்க்க வந்தோமுங்க என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார். எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.